கஞ்சி கரைக்கும் நொதியத்தை மேம்படுத்தல்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ உயிரியல் அல்லது இரசாயனம் கற்கும் ஒருவர் நொதியப் பொறியியலில் இறங்க விரும்பும்போது, எந்தப் பரம்பரையலகை வாங்குவது, எந்தக் கணினி மென்பொருளைப் பழகுவது என்பவற்றையே முதலில் விசாரிக்கிறார். அக்கேள்விகளுக்கு இக்கட்டுரையில் விடை உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னர் முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நொதியத்தின் தொழிற்பாட்டை ஐயத்துக்கு இடமின்றி அளக்கும் சோதனை ஒன்றை உங்கள் கையாலேயே அமைத்து, அது நம்பத்தக்கது என்று உறுதிசெய்த பின்னரே பரம்பரையலகைத் தொடவேண்டும். பணமும் வசதியும் குறைந்த ஆய்வுகூடத்தில் இந்த ஒழுங்கு மாறினால், ஓராண்டு உழைப்பின் முடிவில் கையிலிருப்பது நல்ல நொதியமா, நல்லதுபோலத் தோன்றிய அளவீட்டுப் பிழையா என்பதைச் சொல்ல முடியாமற் போகும்.

நொதியங்கள் தம்மைச் சுமக்கும் உயிரின் தேவைக்காக உருவானவை. தொழிற்சாலையின் சூடு, காரம், சவர்க்காரம், சேதனக் கரைப்பான் ஆகியவற்றை அவை அறிந்ததில்லை. 1993 இல் பிரான்சிஸ் ஆர்னல்டும் அவருடன் பணியாற்றியவரும் சப்டிலிசின் என்ற புரதம் உடைக்கும் நொதியத்தின் பரம்பரையலகில் எழுந்தமானமாக விகாரங்களை (வரிசை மாற்றங்களை) உண்டாக்கி, 60 சதவீதம் டைமெதைல்போமமைட்டு என்ற சேதனக் கரைப்பான் கலந்த கரைசலில் நன்றாக வேலைசெய்தவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றை மீண்டும் விகாரத்துக்கு உட்படுத்தினர். சில சுற்றுகளில், அக்கரைசலில் மூல நொதியத்தைவிட 256 மடங்கு தொழிற்படும் வடிவம் கிடைத்தது. நெறிப்படுத்திய கூர்ப்பு எனப்படும் இம்முறைக்காக 2018 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதி ஆர்னல்டுக்கு வழங்கப்பட்டது.

எதை வைத்துச் சோதிக்கிறோமோ அதுவே கிடைக்கும் என்பது இத்துறையினரின் முதல் விதி. பெரும்போகத்துக்கு விதைநெல் தெரியும்போது நெல்லை உப்புநீரில் இட்டு, மிதக்கும் பதரை வாரிவிட்டு, அமிழ்ந்த மணியை மட்டும் விதைக்கும் வழக்கத்தை நம் ஊரவர் அறிவர். உப்புநீர் மணியின் கனத்தை அறியும்; நோயைத் தாங்கும் வலிமையையோ சோற்றின் சுவையையோ அது அறியாது. நொதியத் தெரிவுச் சோதனையும் அப்படிப்பட்டதே. சோதனைக்குத் தெரியாத குணம் எத்தனை சுற்றுச் சென்றாலும் தெரிவாகாது.

முதற்படி: தேவையைத் தொழில் நடக்கும் இடத்தின் அளவுகளில் எழுதுதல்

கஞ்சியிலுள்ள மாப்பொருளை உடைக்கும் நொதியத்துக்கு அமைலேசு என்று பெயர். "சிறந்த அமைலேசு" என்பது ஓர் இலக்கு ஆகாது. எத்தனை பாகையில், எந்தக் காரத்தன்மையில், எவ்வளவு நேரத்தில், எந்தத் தண்ணீரில் என்று எழுதினால்தான் அது இலக்கு. மருதமுனைக் கைத்தறியை நினைத்துப் பாருங்கள். தறியில் அறுபடாமலிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றப்படுகிறது. நெய்தபின் துணிக்குச் சாயமேற்ற வேண்டுமானால் அந்தக் கஞ்சி முழுவதும் நீங்கவேண்டும். இல்லாவிடின் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பெரிய ஆலைகள் இதற்கு அமைலேசைப் பயன்படுத்துகின்றன. அது பஞ்சின் செலுலோசைத் தொடாமல் மாப்பொருளை மட்டும் உடைப்பதால், அமிலத்தால் நீக்கும்போது துணி நலிவதுபோல இங்கே நலிவதில்லை.

ஆலையில் நீராவி உண்டு. ஆகவே 90 பாகை செல்சியசுக்கு மேலும் தாங்கும் அமைலேசு அங்கே பொருந்தும். சிறிய நெசவகம் ஒன்றில் தண்ணீரைக் கொதிக்கவைப்பதற்கு விறகும் நேரமும் செலவாகும். ஆகவே இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்ளும் இலக்கு இதுதான்: 40 பாகையில், சற்றுக் காரமான கிணற்று நீரில், ஒரு மணித்தியாலத்துக்குள் துணியிலிருந்து கஞ்சியை நீக்கவேண்டும்.

வைக்கோலிலிருந்து வெல்லமும் எதனோலும் எடுக்கும் நொதியம் ஏன் கூடாது என்று பலர் கேட்பதுண்டு. அறுவடைக்குப் பின் வட்டையெங்கும் வைக்கோல் எரிவதைப் பார்ப்பவருக்கு அந்த ஆசை எழுவது இயல்பு. வாழைச்சேனைக் காகித ஆலை ஒருகாலம் வைக்கோலை மூலப்பொருளாக்கி இயங்கிய பகுதி இது. என்றாலும் முதல் முயற்சிக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வைக்கோல் கரையாத திண்மம். செலுலோசு, அரைச்செலுலோசு, இலிக்னின் என்பன பின்னிக் கிடப்பதால் ஒரே நொதியத்தால் அதை உடைக்க இயலாது. அளவீட்டை எளிதாக்குவதற்காகக் கரையும் செலுலோசு வழிப்பொருளில் சோதிப்பவர்கள், அந்தக் கரையும் பொருளில் மட்டும் வல்ல நொதியத்தோடு முடிவடைகிறார்கள். கஞ்சியோ எளிதில் கரையும், மலிவானது, அதன் மறைவை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

இரண்டாம் படி: அளவீட்டைக் கட்டுதல்

இப்படிக்குப் பரம்பரையலகு எதுவும் தேவையில்லை. முளைவிட்ட குரக்கனை அரைத்து, குளிர்ந்த நீரில் கரைத்து வடித்தால், பயிற்சிக்குப் போதிய அமைலேசு அதில் உண்டு. 100 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலில் (அமில, காரத் தன்மையின் அளவான பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) 1 கிராம் மாப்பொருளைக் கொதிக்கவைத்துக் கரைத்து, 40 பாகை நீர்த்தொட்டியில் வைத்து, நொதியக் கரைசலைச் சேருங்கள். 0, 2, 4, 6, 8 நிமிடங்களில் சிறு பங்குகளை எடுத்து, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் இட்டுத் தாக்கத்தை நிறுத்தி, அயடீன் கரைசலைச் சேர்த்து, நீலத்தின் செறிவை 580 நனோமீற்றரில் அளவிடுங்கள். உறிஞ்சல் 1 ஐத் தாண்டாதவாறு ஐதாக்குங்கள். தாண்டினால் கருவியின் வாசிப்பு நீலத்தின் உண்மையான அளவைப் பின்தொடராது.

சூடான கரைசலில் அயடீனின் நீலம் தானாகவே மறையும்; ஆறியபின் திரும்பிவரும். நான் மாணவனாக இருந்தபோது 70 பாகையில் எடுத்த மாதிரிகளை ஆறவிடாமலே அயடீனில் சேர்த்து, எல்லாம் நிறமற்று நிற்பதைக் கண்டு, நொதியம் மிகச் சிறப்பாக வேலைசெய்கிறது என்று இரண்டு வாரங்கள் நம்பியிருந்தேன். நொதியமே இடாத கட்டுப்பாட்டுக் குழாய் ஒன்றை ஒருநாள் சேர்த்தபோது அதுவும் நிறமற்று நின்றது. அன்றிலிருந்து நொதியம் இடாத குழாய் ஒன்றும், கொதிக்கவைத்துச் செயலிழக்கச் செய்த நொதியம் இட்ட குழாய் ஒன்றும் இல்லாமல் எந்த அளவீட்டையும் நான் ஏற்பதில்லை. நீங்களும் ஏற்கவேண்டாம்.

தாங்கற் கரைசலைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். பசில்லசு வகைப் பற்றீரியாக்களின் அமைலேசுகளில் கல்சியம் அயன் புரதத்தின் மடிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. பொசுபேற்றுக் கரைசல் கல்சியத்தைக் கைப்பற்றிக்கொள்வதால் நொதியம் வலுவிழந்ததாகத் தோன்றும். திரிசு என்ற மற்றொரு தாங்கற் கரைசலில் அத்தொல்லை இல்லை. ஆனால் வெப்பநிலை ஒரு பாகை ஏறும்போது அதன் பிஎச் ஏறத்தாழ 0.03 குறைகிறது. 25 பாகையில் சரிசெய்த கரைசல் 40 பாகையில் ஏறக்குறைய 0.4 அலகு கீழே நிற்கும். ஆகவே பயன்படுத்தப்போகும் வெப்பநிலையிலேயே பிஎச்சைச் சரிசெய்யவேண்டும். இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டியது, வெளிநாட்டுச் செய்முறைகளில் வரும் "அறை வெப்பநிலை" என்பது 20 முதல் 25 பாகை வரையானது என்பதாகும். மட்டக்களப்பில் வைகாசி நண்பகலில் மேசையில் வைத்த குழாய் அதைவிடப் பல பாகை சூடானது. அச்செய்முறையில் 30 நிமிடம் என்றிருப்பது இங்கே அதே 30 நிமிடம் அல்ல.

அயடீன் முறையோடு இரண்டாவது முறை ஒன்றையும் பழகிக்கொள்ளுங்கள். டைநைத்திரோசலிசிலிக்கமில முறை, உடைந்த சங்கிலிகளின் தாழ்த்தும் முனைகளை 540 நனோமீற்றரில் எண்ணுகிறது. நீண்ட சங்கிலியை நடுவில் வெட்டும் நொதியம் நீலத்தை விரைவாக அழிக்கும், ஆனால் முனைகளைக் குறைவாகவே தரும். ஓரத்திலிருந்து வெட்டுவது இதற்கு எதிர்மாறு. கஞ்சி நீக்கத்துக்கு நடுவில் வெட்டுவதே வேண்டும் என்பதால் அயடீனை முதன்மையாகவும் மற்றதைச் சரிபார்ப்பாகவும் வையுங்கள்.

இறுதியாக, 96 குழிகள் கொண்ட தட்டு ஒன்றில் எல்லாக் குழிகளிலும் ஒரே நொதியத்தை இட்டு அளவிடுங்கள். வாசிப்புகளின் மாறற் குணகம் (சராசரியின் பங்காகச் சொல்லும் நியம விலகல்) 10 சதவீதத்துக்குள் இருந்தால் மேலே செல்லலாம். 25 சதவீதம் இருந்தால், அடுத்த படியில் 30 சதவீதம் மேம்பட்ட விகாரி (விகாரம் ஏற்ற நொதிய வடிவம்) ஒன்று வந்தாலும் அதை இரைச்சலிலிருந்து பிரித்தறிய இயலாது. ஓரக் குழிகளில் நீர் ஆவியாவதும், குழாயியின் சீரற்ற கையாளலுமே பெரும்பாலும் காரணமாயிருக்கும். இப்பரிசோதனையைச் சலிப்பான வேலை என்று தவிர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலும் இரண்டு வாரம் இதில் செலவிடுவது ஓராண்டைக் காப்பாற்றும்.

மூன்றாம் படி: தாய் நொதியத்தைத் தெரிதல்

இலக்குக்கு மிக அருகில் ஏற்கெனவே நிற்கும் நொதியத்திலிருந்து தொடங்குங்கள். பிரெண்டா தரவுத்தளத்தில் ஒவ்வொரு நொதியத்தின் உகந்த வெப்பநிலையும் பிஎச்சும், புரதத் தரவு வங்கியில் அதன் முப்பரிமாண அமைப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. பரிசோதனையால் அறியப்பட்ட அமைப்பு இல்லாத புரதங்களுக்கு அல்பாஃபோல்ட் தரவுத்தளம் எதிர்வுகூறிய அமைப்பைத் தருகிறது. இயற்கையிலேயே தேடுவதும் ஒரு வழி: அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயா வெந்நீரூற்று போன்ற இடங்களில் வாழும் பற்றீரியாக்கள் சூட்டைத் தாங்கும் நொதியங்களைக் கொண்டிருக்கும். ஆனால் நம் இலக்கு 40 பாகை என்பதால் இப்போது அங்கே போகவேண்டியதில்லை.

நான் பரிந்துரைப்பது பசில்லசு அமைலோலிகுவேசியன்சின் அல்பா அமைலேசு. இது பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகளில் பழகியது, ஏறத்தாழ 480 அமினோ அமிலங்கள் கொண்டது, அமைப்பும் அறியப்பட்டது. இதனோடு ஏறக்குறைய 80 சதவீதம் ஒத்த பசில்லசு லைக்கெனிபோமிசின் அமைலேசு இதைவிட மிகுந்த வெப்பத்தைத் தாங்குகிறது. அவ்வேறுபாட்டுக்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள் 176, 177 ஆம் இடங்களிலுள்ள இரண்டு அமினோ அமிலங்களை நீக்கி, 269 ஆம் இடத்து லைசீனை அலனீனாக மாற்றியபோது அமைலோலிகுவேசியன்சு நொதியத்தின் நிலைப்பு வெகுவாகக் கூடியது என்று 1989 இல் வெளியிட்டனர்.

40 பாகையில் பயன்படுத்தப்போகும் நொதியத்துக்கு இந்த நிலைப்பு எதற்கு என்ற கேள்வி எழலாம். தொழிற்பாட்டைக் கூட்டும் விகாரங்களிற் பல புரதத்தின் மடிப்பைத் தளர்த்துகின்றன. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் புரதம் அத்தளர்ச்சியில் குலைந்துபோகும். நிலைப்பு மிகுந்த புரதம் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே அந்த மூன்று மாற்றங்களையும் தாங்கிய வடிவத்தையே உங்கள் தாயாகக் கொள்ளுங்கள். கையிருப்போடு தொடங்குபவரால் பின்னர் செலவுசெய்ய முடியும்.

நான்காம் படி: வேறுபாடுகளை உருவாக்குதல்

480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் ஒரே ஓர் இடத்தை மாற்றும் வழிகள் 9,120. இரண்டு இடங்களை ஒருங்கே மாற்றும் வழிகள் 4 கோடிக்கு மேல். எல்லாவற்றையும் சோதிக்க எவராலும் இயலாது என்பதால், எங்கே தேடுவது என்பதைத் தீர்மானிப்பதே இப்படியின் சாரம்.

எழுந்தமானமாக விகாரம் உண்டாக்குவதற்கு, டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறை, பிழை செய்யத் தூண்டிய வடிவில் பயன்படுகிறது. மங்கனீசு அயனைச் சேர்த்து, நான்கு நியூக்கிளியோட்டைட்டுகளின் அளவுகளைச் சமனற்றதாக்கினால் பிரதியெடுக்கும் நொதியமான டாக் பொலிமரேசு பிழைவிடத் தொடங்கும். ஒரு பரம்பரையலகுக்கு ஒன்று முதல் மூன்று அமினோ அமில மாற்றம் வருமாறு அளவைச் சரிசெய்யுங்கள். அதற்கு மேற்போனால் பெரும்பாலான விகாரிகள் செத்த புரதங்களாக இருக்கும். இம்முறை மலிவானது, ஆனால் பெரிய தொகையைச் சோதிக்கக் கூடியவருக்கே உகந்தது.

சிறிய ஆய்வுகூடத்துக்கு உகந்தது நிரப்பு விகாரமாக்கல். தாக்கம் நடக்கும் இடமான உயிர்ப்பான தானத்தைச் சுற்றியோ, ஒத்த புரதங்களை வரிசைப்படுத்தும்போது வேறுபட்டு நிற்கும் இடங்களிலோ, ஆறு அல்லது எட்டு நிலைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இருபது அமினோ அமிலங்களும் வரத்தக்க தொடக்கிகளை (பிசிஆருக்கான குறுகிய டிஎன்ஏ இழைகளை) கொழும்பு வழியாக வரவழைத்துக்கொள்ளுங்கள். வழமையான வகைத் தொடக்கியில் 32 கோடன்கள் (மூவெழுத்து டிஎன்ஏ குறியீடுகள்) உண்டு. ஒரு நிலைக்கு 90 குடியேற்றங்களை (ஒவ்வொன்றும் ஒரே பற்றீரியாவிலிருந்து பெருகிய கூட்டம்) எடுத்தால் அவற்றில் ஏறத்தாழ 94 சதவீதத்தைப் பார்த்துவிடலாம். 96 குழித் தட்டில் 90 விகாரிகள், 4 தாய் நொதியம், 2 வெற்று என்று வைத்தால் ஒரு நிலைக்கு ஒரு தட்டு. இரண்டு நிலைகளை ஒருங்கே நிரப்பினால் அதே உறுதிக்குக் கிட்டத்தட்ட 3,000 குடியேற்றங்கள் வேண்டும், அதைத் தொடவேண்டாம்.

புரத மொழி மாதிரிகளும் நிலைப்பைக் கணிக்கும் இணையச் சேவைகளும் இந்த நிலைகளைத் தெரிய உதவுகின்றன. சாதாரண மடிக்கணினி போதும். அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆயினும் கணினி தருவது ஊகம். உங்கள் தட்டில் வரும் வாசிப்பே தீர்ப்பு.

ஐந்தாம் படி: புரதத்தை ஆக்குதல்

பரம்பரையலகை ஈ. கோலை பற்றீரியாவுக்குள் பிளாசுமிட்டு என்ற வளைய டிஎன்ஏவில் ஏற்றி வளர்ப்பதே எளிய வழி. 37 பாகையில் விரைவாக ஆக்கும்போது புரதம் மடியாமல் உறைந்து கட்டிகளாகத் திரண்டுவிடக் கூடும். ஆகவே புரத ஆக்கத்தைத் தூண்டியபின் வெப்பநிலையை 20 பாகைக்கு இறக்கச் செய்முறைகள் சொல்லும். சாதாரண வளர்ப்பு அடுப்பால் சூடாக்க மட்டுமே முடியும், குளிரூட்ட முடியாது. வெளியே 32 பாகை இருக்கும்போது உள்ளே 20 பாகை வராது. குளிரூட்டும் குலுக்கி இல்லாதவர்கள் குறைந்தளவு தூண்டியோடு 30 பாகையில் ஆக்கலாம், அல்லது அமைலேசை வெளியே சுரக்கும் பசில்லசு சப்டிலிசைப் பயன்படுத்தலாம். பின்னதில் உயிரணுவை உடைக்கும் வேலையும் மிச்சமாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மின்தடை நீளும்போது ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்த உயிரணுக்கள் அழிவதுண்டு. ஒவ்வொரு நல்ல விகாரியின் பிளாசுமிட்டு டிஎன்ஏவையும் வடிதாளில் ஒரு துளி இட்டு உலர்த்தி, ஈரம் புகாத உறையில் மேசை இழுப்பறையில் வையுங்கள். அது சாதாரண வெப்பநிலையில் நெடுங்காலம் கிடக்கும். நீரில் ஊறவைத்து மீண்டும் பற்றீரியாவுக்குள் ஏற்றலாம்.

பரம்பரையலகு மாற்றிய உயிர்களோடு வேலைசெய்ய நிறுவனத்தின் உயிர்ப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். வளர்ப்புக் கரைசல்கள் அழுத்த அடுப்பில் கிருமியழிக்கப்படாமல் தொட்டிவாயில் ஊற்றப்படக்கூடாது. நம் வடிகான்கள் எல்லாம் ஈற்றில் வாவிக்கே போகின்றன.

ஆறாம் படி: தெரிவும் அடுத்த சுற்றும்

முதற் சோதனையில் தாயைவிட 1.3 மடங்கோ அதற்கு மேலோ காட்டியவற்றை மட்டும் எடுத்து, புதிதாக வளர்த்து, ஒவ்வொன்றையும் நான்கு முறை மீள அளவிடுங்கள். பாதிக்கு மேல் இங்கே உதிரும், அது வழமை. எஞ்சியவற்றில் புரதத்தின் அளவையும் காணுங்கள். கூடுதலாகப் புரதம் உண்டானதால் வேகம் கூடிய விகாரியும், ஒவ்வொரு மூலக்கூறும் வேகமாக உழைப்பதால் கூடியதும் தட்டில் ஒன்றுபோலவே தெரியும். இவ்வளவும் தாண்டியவற்றை மட்டும் டிஎன்ஏ வரிசை அறிய அனுப்புங்கள்.

சுற்றுக்குச் சுற்று நிபந்தனையைக் கடுமையாக்குவது எப்படி என்பதற்கு, நீரிழிவு மருந்தான சிட்டகிளிப்டினின் வரலாற்றைவிடச் சிறந்த பாடத்தை நான் அறியேன். மேர்க் நிறுவனம் அதனை உயர் அமுக்க ஐதரசனும் ரோடியம் ஊக்கியும் கொண்டு ஆக்கிவந்தது. கோடெக்சிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அதற்கு ஒரு நொதியத்தைத் தேடியபோது, எடுத்துக்கொண்ட திரான்சமினேசு என்ற நொதியம் அந்தப் பெரிய மூலக்கூற்றில் சிறிதும் தொழிற்படவில்லை. அளக்க எதுவும் இல்லாத இடத்தில் மேம்படுத்தவும் எதுவும் இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் அம்மூலக்கூற்றின் ஒரு பகுதியை வெட்டிச் சிறிதாக்கி, அதில் தொழிற்படும் வடிவத்தைப் பெற்று, பின்னர் உயிர்ப்பான தானத்தை விரித்து முழு மூலக்கூற்றுக்கு நகர்ந்தனர். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் கரைப்பானையும் வெப்பத்தையும் கீழ்ப்படையின் (நொதியம் மாற்றும் பொருளின்) செறிவையும் ஏற்றினர். 2010 இல் வெளியான இறுதி நொதியம் 27 மாற்றங்களைக் கொண்டிருந்தது. பாதியளவு டைமெதைல் சல்பொட்சைட்டு கலந்த கரைசலில், லீற்றருக்கு 200 கிராம் கீழ்ப்படையை மாற்றியது. தொடக்கத்திலேயே இறுதி நிபந்தனையை வைத்திருந்தால் எல்லாக் குழிகளும் வெறுமையாக இருந்திருக்கும்.

நம் அமைலேசுக்கும் இவ்வாறே செய்யவேண்டும். முதற் சுற்றைத் தூய மாப்பொருளிலும் ஆய்வுகூடத் தாங்கற் கரைசலிலும் நடத்துங்கள். இரண்டாம் சுற்றில் பிஎச்சை 8.5 க்கு ஏற்றுங்கள். மூன்றாம் சுற்றில் உண்மையான கிணற்று நீரையும் சிறிதளவு சவர்க்காரத்தையும் சேருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தாய் நொதியம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தொழிற்பாட்டைத் தக்கவைக்கும் நிபந்தனையே உகந்தது. அப்போதுதான் ஏற்றமும் இறக்கமும் தெளிவாகத் தெரியும். வெவ்வேறு நிலைகளில் வென்ற மாற்றங்களை ஒரே பரம்பரையலகில் இணைத்துப் பார்ப்பதையும் மறக்கவேண்டாம். அவை எப்போதும் கூட்டலாகச் சேர்வதில்லை. சில ஒன்றையொன்று அழிக்கும்.

ஏழாம் படி: துணியில் வைத்துப் பார்த்தல்

தட்டில் வென்ற நொதியத்தைக் கஞ்சி ஏற்றிய துணித் துண்டில் சோதிக்கும் நாளே இலக்கோடு நேருக்கு நேர் நிற்கும் நாள். உலர்ந்த கஞ்சி நூலிழைகளுக்கிடையே இறுகிக் கிடப்பதால், கரைந்த மாப்பொருளில் கண்ட வேகம் இங்கே அப்படியே வராது. ஒரே துணியிலிருந்து வெட்டிய துண்டுகளை, தாய் நொதியம், புதிய நொதியம், வெறும் கிணற்று நீர் என்ற மூன்றிலும் 40 பாகையில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு அலசி, ஆறியபின் ஒவ்வொன்றிலும் ஒரு துளி அயடீன் விடுங்கள். ஆடைத் தொழிலில் இதற்கு டெகேவா என்ற ஊதா நிற அளவுகோல் உண்டு. 1 என்றால் கஞ்சி நீங்கவே இல்லை, 9 என்றால் முழுவதும் நீங்கியது.

மூன்று துண்டுகளையும் உலர்த்தி ஆய்வுக் குறிப்பேட்டில் ஒட்டி, தண்ணீர் எடுத்த கிணறு, திகதி, பிஎச், கஞ்சி காய்ச்சிய அரிசியின் வகை ஆகியவற்றை அருகில் எழுதுங்கள். அயடீன் நிறம் நாட்செல்ல மங்கிவிடும் என்பதால் அன்றே புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்கு எந்த விகாரியைத் தாயாக்குவது என்பதை அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டே தீர்மானியுங்கள்.